சிறுகதைக்குச் சொந்தமாக ஒரு மின்மடல்: எங்கே தொடங்குவது?

பாலக்கோட்டிலிருந்து ஓசூருக்கு வேலைக்குப் போய்வரும் நண்பர் கேட்டிருப்பது இது. நான்கு வருடமாகச் சிறுகதையும் அவ்வப்போது கவிதையும் எழுதுகிறார். முகநூலில் போட்டால் முதல் நாள் ஐம்பது அறுபது லைக் விழுகிறது. ஒரு வாரம் கழித்துத் தேடினால் அவருக்கே கிடைப்பதில்லை. அதனால் சொந்தமாக ஒரு மின்னஞ்சல் மடல் தொடங்க ஆசை. எந்தத் தளத்தில் தொடங்குவது, எத்தனை பேர் சேர்ந்த பிறகு கட்டணம் வைக்கலாம், நம் பக்கத்து ஆட்கள் மின்னஞ்சலைத் திறந்து கதையெல்லாம் படிப்பார்களா என்று மூன்று கேள்வி. மூன்றையும் சேர்த்து வாசித்தால் அடியில் ஒரே கேள்விதான் இருப்பதாக எனக்குப் படுகிறது. நான் எழுதுவதைப் படிக்க நாலு பேர் கிடைத்தால், அவர்களைத் தொலைக்காமல் எப்படி வைத்துக்கொள்வது? முதலில் அதற்குப் பதில் சொல்கிறேன். தளம் பற்றிய பதில் சின்னது, பின்னால் வரும்.

நான் தருமபுரிக்காரன். தொண்ணூறுகளின் நடுவில் நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு சிற்றிதழ் நடத்தினோம். 300 பிரதி. காலாண்டிதழ் என்று அட்டையில் போட்டிருக்கும், வந்தது வருடத்துக்கு இரண்டு. பதினோரு இதழோடு நின்றது. அதில் என் வேலை முகவரி எழுதுவது. அச்சகத்திலிருந்து கட்டு வந்த அன்று ராத்திரி கூடத்தில் பாய் விரித்து, மைதாவில் பசை காய்ச்சி, ஒவ்வொரு பிரதியையும் மடித்துப் பழுப்புக் காகிதப் பட்டை சுற்றி, ஒரு நீள நோட்டைப் பார்த்து முகவரி எழுதுவேன். சந்தா முடிந்தவருக்கு நோட்டில் பென்சிலால் ஒரு புள்ளி. வீடு மாறியவருக்குப் பழைய முகவரியின் மேலேயே ஒரு துண்டுக் காகிதம் ஒட்டப்படும். சிலருக்கு மூன்று துண்டுவரை ஏறி அந்தப் பக்கமே தடித்துப் போயிருக்கும். பிறகு அச்சகம் கைமாறியது, ஆசிரியராக இருந்த நண்பர் வேலை கிடைத்துக் கோயம்புத்தூர் போனார், இதழ் நின்றது. நோட்டு மட்டும் என் அலமாரியில் கிடந்தது. 2019இல் நான் மின்மடல் தொடங்கியபோது அந்த நோட்டிலிருந்து 31 பேரைத் தேடிப் பிடித்தேன். என் முதல் வாசகர்கள் அவர்கள்தான். இன்று அறுநூற்றுச் சொச்சம் பேருக்குப் போகிறது. பெரிய எண் இல்லை. ஆயிரக்கணக்கில் கட்டணச் சந்தா வைத்திருப்பவரின் யோசனை வேண்டுமென்றால் அதற்கு நான் ஆள் இல்லை.

இவ்வளவு பழங்கதை சொன்னதற்குக் காரணம் அந்த நோட்டு. மின்மடலில் உங்களுக்கென்று சொந்தமாக இருப்பது எழுத்துக்கு அடுத்தபடியாக அந்த முகவரிப் பட்டியல் ஒன்றுதான். முகநூலில் உங்களைப் பின்தொடரும் 900 பேரை நாளைக்கு வேறு இடத்துக்கு அழைத்துப் போக முடியாது; யாருக்கு எதைக் காட்டுவது என்று அந்த நிறுவனம் முடிவு செய்கிறது. மின்னஞ்சல் முகவரி அப்படி இல்லை. இந்தத் தளத்தில் சரிப்படவில்லை என்றால் பட்டியலை ஒரு கோப்பாக இறக்கி இன்னொரு தளத்தில் ஏற்றிவிடலாம். இது வெறும் பேச்சு இல்லை. எழுத்தாளர்கள் பலர் விரும்பிப் பயன்படுத்திய டைனிலெட்டர் என்ற மடல் தளம் 2024 பிப்ரவரி 29ஆம் தேதி மூடப்பட்டது. ட்விட்டர் 2021இல் வாங்கிய ரெவ்யூ என்ற இன்னொரு தளம் இரண்டே வருடத்தில், 2023 ஜனவரியில் போய்விட்டது. பட்டியலை இறக்கி வைத்திருந்தவர்கள் அடுத்த வாரமே வேறு இடத்திலிருந்து மடல் அனுப்பினார்கள். ஆகவே எங்கே தொடங்கினாலும் மாதம் ஒருமுறை, சம்பளம் வந்த நாளில் என்று வைத்துக்கொள்ளுங்களேன், பட்டியலை இறக்கிக் கணினியில் ஒரு பிரதி, மின்னஞ்சலில் ஒரு பிரதி வைத்துவிடுங்கள்.

சரி, தளம். செலவில்லாமல், தொழில்நுட்பத் தலைவலி இல்லாமல் தொடங்க சப்ஸ்டாக் போதும். 2017இல் வந்தது, இலவசமாக அனுப்பும்வரை நீங்கள் எதுவும் கட்ட வேண்டியதில்லை, எத்தனை பேர் சேர்ந்தாலும். பட்டன்டவுன் இன்னும் எளிமையானது, கவனத்தைச் சிதறடிக்கும் அலங்காரம் கிடையாது, ஆனால் இலவசம் முதல் 100 பேர்வரைதான். கோஸ்ட் திறந்த மூல மென்பொருள், அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். சொந்தச் சர்வரில் நிறுவிப் பராமரிக்கத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் நல்ல தேர்வு. மெயில்சிம்ப் கடைக்காரர்களுக்கானது, கதைக்காரருக்கு அதில் பாதிப் பொத்தான்கள் எதற்கென்றே புரியாது. இவற்றில் எதை எடுத்தாலும் முதல் வருடத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. இதற்காக ஒரு மாதம் ஆராய்ச்சி செய்து கதை எழுதாமல் இருந்தவர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

செய்யக் கூடாதது ஒன்று இருக்கிறது: உங்கள் சொந்த ஜிமெயிலிலிருந்தே எல்லோருக்கும் அனுப்புவது. நான் அதைத்தான் செய்தேன். முதல் மடலை 31 பேருக்கும் பெறுநர் கட்டத்திலேயே முகவரியைப் போட்டு அனுப்பினேன், மறைநகல் (BCC) கட்டம் என்று ஒன்று இருப்பதே அப்போது நினைவில்லை. எல்லோர் முகவரியும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒருவர் பாராட்டி அனைவருக்கும் பதில் போட்டார், அதற்கு இன்னொருவர் அனைவருக்கும் பதில், மூன்றாமவர் ‘என்னை விட்டுவிடுங்கள்’ என்று அதையும் அனைவருக்கும். பழைய நண்பர் ஒருவர் போனில் கூப்பிட்டு, ‘உன் நோட்டை நடுத்தெருவில் விரித்து வைத்துவிட்டாயே’ என்றார். அது தவிரச் சாதாரண ஜிமெயில் கணக்கிலிருந்து ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் போகாது. விலக விரும்புகிறவர் தானே விலகிக்கொள்ள வழியும் அதில் இல்லை. ஜிமெயிலும் யாஹூவும் 2024இலிருந்து, பெருமளவில் (ஜிமெயில் கணக்குப்படி நாளொன்றுக்கு 5,000 மடல்) அனுப்புகிறவர்கள் ஒரே சொடுக்கில் விலகும் வசதி தர வேண்டும், ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கிவிட்டன. நம்மைப் போன்ற சிறிய ஆட்களுக்கு அந்த எண் பொருந்தாது என்றாலும், விலகும் வழி தெரியாத வாசகர் ஸ்பேம் பொத்தானைத்தான் அழுத்துவார். தளங்கள் இதையெல்லாம் தாமே பார்த்துக்கொள்கின்றன. அதற்குத்தான் தளம்.

நம் பக்கத்து ஆட்கள் மின்னஞ்சல் திறப்பார்களா? உறுதியாகச் சொல்லக்கூடியது, ஏறத்தாழ எல்லோரிடமும் ஒரு முகவரி இருக்கிறது என்பதுதான். ஆண்ட்ராய்டு போன் வாங்கி அமைக்கும்போதே பெரும்பாலும் ஒரு ஜிமெயில் கணக்கும் திறக்கப்பட்டுவிடுகிறது. அதைத் தினமும் திறப்பவர்கள் குறைவு. ரெஸ்யூமே அனுப்ப, டிக்கெட் வந்ததா என்று பார்க்க, அவ்வளவுதான். கதை, செய்தி, குடும்பச் சண்டை எல்லாம் வாட்ஸ்அப்பில் நடக்கிறது. அதனால் நான் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறேன். மடல் மின்னஞ்சலில் போகும். போய்விட்டது என்ற தகவல் ஒரு வரியாக வாட்ஸ்அப்பில் போகும், லிங்க்கோடு. வாட்ஸ்அப்பிலேயே எல்லாவற்றையும் வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். ஒலிபரப்புப் பட்டியலில் (பிராட்காஸ்ட்) 256 பேர்தான், அதுவும் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும் போய்ச் சேரும். 2023இல் வந்த சேனல் வசதியில் எத்தனை பேர் வேண்டுமானாலும் சேரலாம், ஆனால் பின்தொடர்பவரின் எண் உங்களுக்குத் தெரியாது. நோட்டு மறுபடியும் வேறொருவர் அலமாரிக்குப் போய்விடுகிறது.

முகவரி சேர்க்கும் வேலையில் வெட்கப்படாதீர்கள். ‘எழுத்து’ இதழை 1959இல் தொடங்கிய சி.சு. செல்லப்பா கட்டைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கல்லூரிகளுக்குப் போய் விற்றவர். நமக்கு அந்தத் தோள்வலி இல்லை. கைபேசியில் இருக்கும் தொடர்புகளைப் பார்த்து, உங்கள் கதையை ஒருமுறையாவது படித்துவிட்டு ஏதாவது சொன்னவர்களைத் தனித்தனியாகக் கேளுங்கள். மொத்தமாக ஒரு அறிவிப்பு போட்டால் எல்லோரும் பூங்கொத்துப் படம் போடுவார்கள், யாரும் சேர மாட்டார்கள். ‘மாதம் இரண்டு முறை ஒரு கதை அனுப்பப் போகிறேன், உங்கள் மெயில் ஐடி தருகிறீர்களா?’ என்று ஒருவரை மட்டும் பார்த்துக் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். ஒரு வருடம் தருமபுரி புத்தகத் திருவிழாவில் நண்பரின் அரங்கில் ஒரு நோட்டை விரித்து வைத்தேன். நான்கு நாளில் 62 பேர் எழுதினார்கள். வீட்டுக்கு வந்து தட்டச்சு செய்து அனுப்பினால் 17 முகவரி திரும்பி வந்தது. ஆங்கில எல் எது, ஒன்று எது, ஓ எது, சைபர் எது என்று கையெழுத்தில் பிரித்தறியவே முடியவில்லை. அடுத்த வருடம் க்யூஆர் குறியீட்டை அச்சிட்டு வைத்தேன், அவரவர் போனில் அவரவரே தட்டிக்கொண்டார்கள். கேட்காமல் யாரையும் சேர்க்காதீர்கள். 2023இல் வந்த தனிநபர் தரவுச் சட்டத்தின் அடிப்படையே சம்மதம்தான். சட்டம் இருக்கட்டும், கேட்காமல் சேர்க்கப்பட்டவர் படிக்கவும் மாட்டார்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கென்று சில தனிச் சிக்கல்கள் உண்டு. ஆங்கில வழிகாட்டிகளில் இவை வராது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 2020இல் 3,400 சொல்லில் ஒரு கதை அனுப்பினேன். குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு மாட்டை ஓட்டிப்போகிற ஒரு கிழவர். துண்டுக்கு அடியில் தரகரின் விரல்களைப் பிடித்து விலை பேசுகிறார். சுற்றி நிற்பவர்களுக்கு என்ன விலை என்று தெரியாது, கிழவரின் முகம் மட்டும்தான் தெரியும். மாடு விலையாகிறது, கயிற்றைத் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறார். அதற்குப் பிறகு இரண்டு பத்தி உண்டு, அவர் திரும்பிப் போய்க் கூடுதல் விலை கொடுத்து அதே மாட்டை மீட்டு வருவார். மறுநாள் பதில்கள் வந்தன. ‘வெறுங்கயிற்றோடு முடித்தீர்களே, அங்கேதான் நீங்கள் நிற்கிறீர்கள்’ என்று ஒருவர். ‘மீதியை எங்களிடம் விட்டுவிட்டீர்கள்’ என்று இன்னொருவர். எனக்குப் புரியவில்லை. என் போனில் திறந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது, கயிற்றோடு கதை துண்டாகி, கீழே முழுச் செய்தியையும் பார்க்க ஒரு சின்ன லிங்க் மட்டும் இருந்தது. அதை யாரும் தொடவில்லை.

காரணம் அளவு. மடலின் அளவு ஏறத்தாழ 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் அதற்கு மேல் காட்டாது. இணையத்தில் இன்று பயன்படும் யூனிகோடு முறையில் தமிழ் எழுத்து இடத்தை அடைக்கும். கிருஷ்ணகிரி என்ற சொல் கண்ணுக்கு ஆறு எழுத்து. உள்ளே மெய், உயிர்க்குறி, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறிகளாக 11. ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், ஆக 33. அதே ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் அடித்தால் 11 பைட்டில் முடிந்துவிடும். நம் சொல் ஒன்றுக்கு இடைவெளியோடு 25, 30 பைட் ஆகிறது என்று வைத்தால் 3,400 சொல்லே 90 கிலோபைட்டைத் தொட்டுவிடும். மேலே தளத்தின் வடிவமைப்பு வேறு ஏறும். வேர்டு கோப்பிலிருந்து நேராக வெட்டி ஒட்டினால் கண்ணுக்குத் தெரியாத குப்பையும் சேர்ந்து வரும். எனவே 2,000 சொல்லைத் தாண்டும் கதையை நான் இரண்டாகப் பிரிக்கிறேன், அல்லது பாதியை அனுப்பி மீதியைப் படிக்க மேலேயே, தெளிவாக, லிங்க் தருகிறேன். தவறு என்னுடையது, அளவு பார்க்காமல் அனுப்பியது. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கதையைப் பிற்பாடு திருத்தியபோது கடைசி இரண்டு பத்தியை நானே எடுத்துவிட்டேன். அவர்கள் சொன்னதுதான் சரி.

பழைய கதைகளை டிடிபி கடையில் கொடுத்து அடித்து வைத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் அவை பாமினி, வானவில் போன்ற எழுத்துருவில் இருக்க வாய்ப்பு அதிகம். அதை அப்படியே மடலில் ஒட்டினால் வாசகருக்கு ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கந்தல்தான் போகும். என்ஹெச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிவிட்டு, ஒரு தரம் வரிவரியாகப் படியுங்கள். கொம்பும் காலும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். அலங்கார எழுத்துருவைத் தேடாதீர்கள், வாசகர் போனில் என்ன இருக்கிறதோ அதில்தான் தெரியும். தலைப்பு வரி சின்னதாக இருக்கட்டும், தமிழ் எழுத்து அகலம், போனில் நாலைந்து சொல்லுக்கு மேல் தெரியாது. அனுப்புநர் பெயரில் மடலின் கவித்துவமான பெயரை மட்டும் போடாமல் உங்கள் பெயரையும் போடுங்கள். ‘நெல்லிக்கனி’ என்று ஒரு மெயில் வந்தால் மருந்துக்கடை விளம்பரம் என்று நினைத்துவிடுவார்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதில் உறுதியான விதி எதுவும் கிடையாது. வாரம் ஒன்று என்று தொடங்கிய நண்பர்கள் எல்லோரும் இரண்டாம் மாதம் மூச்சுவாங்கி நின்றார்கள். இது நான் கண்ட வரையில்தான். நான் பௌர்ணமிக்கு ஒரு கதை, அமாவாசைக்கு ஒரு சின்னக் கடிதம் என்று வைத்தேன். காலண்டரில் ஏற்கெனவே இருக்கும் நாள், வாசகர்களுக்கும் நினைவிருக்கும். ஓரிரு பேர் ‘இன்னைக்குப் பௌர்ணமியாச்சே, எங்கே காணோம்?’ என்று கேட்கவும் செய்கிறார்கள். வேலைக்குப் போய்க்கொண்டு எழுதுகிறவர் நீங்கள். முதல் மடல் போவதற்கு முன்னால் முடித்த கதை குறைந்தது மூன்று கையிருப்பில் இருக்கட்டும். ஊரில் திருவிழா, வீட்டில் காய்ச்சல், கம்பெனியில் நைட் ஷிப்ட் என்று ஏதாவது வரத்தான் செய்யும். தொடர்கதை போட ஆசை வரும், வாரப் பத்திரிகை படித்து வளர்ந்தவர்களுக்கு அது ரத்தத்தில் இருக்கிறது. ஆனால் ஏழாம் பகுதி போகும்போது புதிதாகச் சேர்ந்தவருக்கு ஒன்றும் புரியாது. மூன்று பகுதிக்கு மேல் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம், மாற்றுக் கருத்து உள்ளவர்கள் உண்டு.

கதைக்கு மேலே எட்டுப் பத்து வரியில் ஒரு கடிதம் எழுதுங்கள். ‘எங்கள் ஊரில் எழுத என்ன இருக்கிறது’ என்று உங்கள் கேள்வியில் போகிற போக்கில் ஒரு வரி இருந்தது, அதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரே வீட்டில் பாட்டி தெலுங்கிலும் மருமகள் தமிழிலும் பேசி, பக்கத்து வீட்டுக்காரர் கன்னடத்தில் பதில் சொல்கிற பக்கம் இது. மாங்காய்க் காலத்தில் மாங்கூழ் ஆலைக்கு வெளியே லாரிகள் வரிசை கட்டி நிற்பது, ஞாயிறு ராத்திரி பெங்களூரு பஸ்ஸில் அரிசி மூட்டையோடும் ராகி மாவோடும் ஏறுகிற பையன்கள், விடியவிடியக் கூத்து பார்த்துவிட்டு அப்படியே களையெடுக்கப் போகிறவர்கள். நீங்கள் ரயிலில் தினமும் போகிற அந்த நேரத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பற்றிப் பத்து வரி எழுதினாலே போதும். எனக்கு அதிகமாகப் பதில் வருவது கதைக்கு இல்லை, இந்தக் கடிதப் பகுதிக்குத்தான். ஊரைவிட்டுப் போய்த் திருப்பூரிலும் துபாயிலும் இருப்பவர்கள் எழுதுகிறார்கள்.

ஆனால் ஊரைப் பற்றி எழுதினால் ஊரும் படிக்கும். என் பெரியம்மா வீட்டு நிலத் தகராறை, பெயரை மாற்றி, கிணற்றை மட்டும் மாற்றாமல் எழுதிவிட்டேன். அந்தக் கிணற்றைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்கள். அண்ணன் ஆறு மாதம் பேசவில்லை. முகநூல் பதிவாக இருந்தால் ராத்திரியோடு ராத்திரியாக அழித்திருப்பேன். போன மடலைத் திரும்ப வாங்க முடியாது, திருத்தவும் முடியாது. எழுத்துப்பிழைக்கும் இதே கதிதான். அதனால் எழுதிய அன்றே அனுப்பாமல் ஒரு ராத்திரி வைத்திருந்து காலையில் படித்துவிட்டு அனுப்புகிறேன்.

பத்திரிகைக்கும் அனுப்புகிறவராக இருந்தால் இதைக் கவனியுங்கள். பல இதழ்களும் சிறுகதைப் போட்டிகளும் ‘இணையம் உட்பட வேறெங்கும் வெளிவராத படைப்பு’ என்று கேட்கின்றன. நாற்பது பேருக்கு மடலில் அனுப்பியதும் வெளிவந்ததாகக் கணக்காகுமா என்பதை அந்தந்த ஆசிரியர்தான் சொல்ல வேண்டும், ஒருவர் சரி என்பார், இன்னொருவர் கூடாது என்பார். கேட்காமல் அனுப்பிப் பிறகு மாட்டிக்கொள்வதைவிட, போட்டிக்கான கதைகளைத் தனியாக ஒதுக்கி வைப்பது நல்லது. காப்புரிமை பற்றி நீங்கள் பயப்படத் தேவையில்லை. எழுதிய கணத்திலேயே அது உங்களுடையது. 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கட்டாயம் இல்லை, எழுதியவர் காலத்துக்குப் பின்னும் 60 ஆண்டு நிற்கும். நடைமுறையில் நடக்கும் திருட்டு வேறு மாதிரி: பெயரை வெட்டிவிட்டு ‘படித்ததில் பிடித்தது’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும். கதையின் தலைப்புக்குக் கீழேயும் முடிவிலும் பெயரைப் போடுங்கள். வெட்டுகிறவர்கள் அவசரக்காரர்கள், பெரும்பாலும் ஒன்றைத்தான் வெட்டுவார்கள்.

காசு. உறுதியானது: சப்ஸ்டாக்கில் கட்டணச் சந்தா வைத்தால் வசூலில் 10 சதவீதம் அவர்களுக்கு, அதற்கு மேல் பணப் பரிமாற்றக் கட்டணம். அந்தப் பணம் ஸ்ட்ரைப் என்ற பணப் பரிமாற்ற நிறுவனம் வழியாகத்தான் வரும், ஸ்ட்ரைப்போ 2024இலிருந்து இந்தியாவில் அழைப்பு பெற்றவர்களுக்கு மட்டுமே புதுக் கணக்கு தருகிறது. அதனால் பாலக்கோட்டில் உட்கார்ந்துகொண்டு ஒரு பொத்தானை அழுத்திக் கட்டணம் தொடங்கிவிடலாம் என்று எண்ண வேண்டாம். நான் பழைய சிற்றிதழ் முறைக்கே திரும்பினேன். மூன்றாம் வருடம், ‘வருடச் சந்தா 300 ரூபாய், விருப்பம் இருப்பவர் யுபிஐயில் அனுப்பலாம், அனுப்பாதவருக்கும் மடல் வரும்’ என்று எழுதினேன். 58 பேர் அனுப்பினார்கள். 17,400 ரூபாய். டொமைன் என்ற இணையப் பெயரைப் புதுப்பித்தது போகப் புத்தகம் வாங்கினேன். எத்தனை பேர் சேர்ந்த பிறகு காசு கேட்கலாம் என்பதற்கு எண் சொல்ல என்னால் முடியாது, சொல்கிறவர்களை நம்பவும் வேண்டாம். என் ஊகம், முதல் வருடம் கேட்காமல் இருப்பது உங்களுக்கே சௌகரியம். காசு வாங்கிவிட்டால் கதை வராத பௌர்ணமியில் தூக்கம் வராது.

எத்தனை பேர் திறந்தார்கள் என்று தளம் ஒரு சதவீதம் காட்டும். அதைப் பார்த்துச் சந்தோஷமும் படாதீர்கள், கவலையும் படாதீர்கள். 2021இல் ஐபோனில் வந்த அந்தரங்கப் பாதுகாப்பு வசதிக்குப் பிறகு, ஆப்பிள் மெயிலில் வாசகர் தொடாத மடலும் திறந்ததாகப் பதிவாகலாம். பதில் எழுதுகிறவர்களை மட்டும் எண்ணுங்கள். எனக்கு அறுநூறு பேரில் ஒவ்வொரு முறையும் பத்துப் பன்னிரண்டு பேர் எழுதுகிறார்கள், எல்லோருக்கும் பதில் போடுகிறேன், அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தைத் தின்றுவிடும். விலகுகிறவர்களும் இருப்பார்கள். யார் விலகினார்கள் என்று பெயரோடு தெரியும், அதில் சொந்தக்காரர் பெயரும் இருக்கும். கல்யாணத்தில் பார்க்கும்போது கேட்காதீர்கள்.

கையில் மூன்று கதை இருந்தால் இந்த வாரமே கணக்கைத் திறந்து, முதலில் உங்கள் ஒருவருக்கு மட்டும் ஒரு சோதனை மடல் அனுப்பிப் பாருங்கள். அப்புறம் வீட்டில் யாரிடமாவது பழைய போன் இருக்கும், திரையில் கீறல் விழுந்தது, அதை வாங்கி ஜிமெயிலில் திறந்து, தலைப்பு வரி எங்கே வெட்டுப்படுகிறது, எழுத்து சரியாக விழுகிறதா, கடைசிப் பத்தி இருக்கிறதா என்று கீழே வரை தள்ளிப் பாருங்கள்.